பச்சை சைக்கிளில் போனவர்

பேரம் பேசாதவர்களை சித்தி ஹாஜரா நம்பமாட்டாள்.

பினாங்கு சூலியா தெருவில் அவளுடைய வாப்பா முகம்மது சுல்தான் சைக்கிள் வாடகைக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் ஹாஜரா கடையில்தான் இருப்பாள். வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பத்து வயதிலேயே அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பேரம் பேசுகிறவர் சைக்கிளைத் திருப்பிக் கொண்டு வருவார். பேசாதவர் கொண்டு வரமாட்டார். திருப்பித் தர நினைப்பவருக்குத்தானே வாடகையைப் பற்றிக் கவலை இருக்கும்?

"இதுவரைக்கும் யாராச்சும் நம்ம சைக்கிளத் தூக்கிட்டு ஓடியிருக்காங்களா?" என்று வாப்பா கேட்பார்.

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"எல்லாரும் பேரம் பேசினாங்களே வாப்பா!"

அன்று காலை வந்தவர் பேரம் பேசவில்லை.

மெலிந்த இளைஞர். வேட்டி கட்டி, கசங்கிப்போன கோட்டு போட்டிருந்தார். பெயர் சந்திரசேகரன் என்றார். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர். அந்தக் கப்பல் சாயங்காலம் சிங்கப்பூருக்குப் புறப்பட்டுவிடும். அதுவரைக்கும் ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு சைக்கிள் வேண்டும்.

"வழி காட்ட ஆள் வேணுமா தம்பி?" என்று கேட்டார் வாப்பா.

"வேண்டாங்க. நானே பாத்துக்கறேன்."

வாப்பா வாடகையைச் சொன்னார். "சரிங்க" என்றார் அவர். அவ்வளவுதான்! ஹாஜராவின் புருவம் மேலே ஏறியது.

முன்பின் தெரியாதவர்கள் ஏதாவது ஒரு பொருளை ஈடாக வைத்துவிட்டுப் போவது அந்தக் கடையின் வழக்கம். சிலர் கைக்கடிகாரம் வைப்பார்கள். சிலர் நல்ல குடை வைப்பார்கள். சந்திரசேகரன் தன் பைக்குள் கையை விட்டு ஒரு பீங்கான் ஜாடியை எடுத்தார். அதன் வாயைத் துணியால் இறுக்கி வேடு கட்டியிருந்தது.

"இத சாய்க்காதீங்க. திறந்தும் பாக்காதீங்க. என்கிட்ட இருக்கறதுலயே இதுதாங்க பெருசு."

வாப்பா சிரித்துக்கொண்டே ஜாடியை வாங்கி அலமாரியில் வைத்தார். சைக்கிளை எடுத்துக் கொடுத்தார். எந்தச் சைக்கிளை? புதிதாக வந்த பச்சை சைக்கிளை! ஹாஜரா தினமும் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த சைக்கிள் அது. இன்னும் அவளையே அதில் ஏற விடவில்லை.

அவர் மணியை அடித்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

"வாப்பா, ஜாடிக்குள்ள வெறும் கல்லு இருந்தா?"

"கல்ல யாராச்சும் சாய்க்காதீங்கன்னு சொல்வாங்களா? நீ போய் உம்மா கேட்ட காப்பித்தூள வாங்கிட்டு வா."

காப்பித்தூள் கடைத்தெருவில் கிடைக்கும். பச்சை சைக்கிளும் கடைத்தெருப் பக்கம்தான் திரும்பியிருந்தது. ஹாஜரா ஓரத்தில் கிடந்த சின்னச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

கடைத்தெருவில் மிளகாய் மூட்டைகளுக்கும் ரிக்‌ஷாக்களுக்கும் நடுவில் பச்சை நிறம் தெரிந்தது. அவர் ஒரு விளக்குக் கம்பத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தார். கம்பத்தை மேலே பார்த்தார். கீழே பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டின் கதவை உற்றுப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த விளக்குக் கம்பத்துக்குப் போனார். அங்கேயும் அதே கதைதான்.

ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு விளக்குக் கம்பத்தில் என்ன வேலை? ஹாஜரா யோசித்தாள். ராத்திரியில் எந்த வீட்டில் வெளிச்சம் விழும், எந்த வீடு இருட்டாக இருக்கும் என்று பார்க்கிறாரோ? 

காப்பித்தூள் கடை வந்தது. ஹாஜரா நிற்கவில்லை.

கடற்கரைப் பக்கம் பெரிய பெரிய கிடங்குகள் இருந்தன. ஒரு கிடங்கின் வாசலில், விளக்குக் கம்பத்தை ஒட்டி, தமிழர் ஒருவர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். சந்திரசேகரன் அவரிடம் போய்ப் பேசினார். ஹாஜரா ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டாள்.

"அண்ணே, இங்க தமிழ்க்கார ஜாகா உண்டா?" அவர் கேட்டது அவள் காதில் இப்படித்தான் விழுந்தது.

ஹாஜராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பினாங்கில் ஜாகா என்றால் காவல்காரர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வங்கி வாசலிலும் கிடங்கு வாசலிலும் கயிற்றுக் கட்டில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்கக் காவல் இருப்பவர்தான் ஜாகா.

"தமிழ்க்காரர் இல்ல. பஞ்சாபிக்காரர்தான்" என்றார் மூட்டைக்காரர். "அதுவும் ராத்திரிக்கு மட்டும்தான்."

"பகல்ல?"

"பகல்ல தூங்கப் போயிடுவாரு."

"அப்ப பகல்ல வந்தா யாருமே இருக்கமாட்டாங்களா?"

"யாரும் இல்லலா" என்று பினாங்கு இழுப்பில் சொன்னார் அவர்.

சந்திரசேகரன் பெருமூச்சு விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார். வண்டிக்குப் பின்னால் ஹாஜரா விரல்விட்டு எண்ணினாள். விளக்குக் கம்பம், வீட்டுக் கதவு, காவல்காரர். இதற்கு மேலும் என்ன வேண்டும்? பச்சை சைக்கிளில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் திருடத் திட்டம் போடுகிறார்!

அவர் அடுத்ததாகக் கோட்டைப் பக்கம் போனார். அங்கே உயரமாக நின்ற கொடிக்கம்பத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

நல்ல வேளையாக அந்த வழியே போலீஸ்காரர் இஸ்மாயில் வந்தார். வாப்பாவின் கடையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொள்பவர்தான் அவர். ஹாஜரா ஓடிப்போய், மூச்சு வாங்க, எல்லாவற்றையும் மலாய் மொழியில் சொல்லி முடித்தாள்.

இஸ்மாயில் விறுவிறுவென்று போய்ப் பச்சை சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தார். சந்திரசேகரன் திகைத்துப்போனார். அவருக்கு மலாய் தெரியாது. இஸ்மாயிலுக்குத் தமிழ் தெரியாது. சுற்றிலும் ரிக்‌ஷாக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"ஏன் ஜாகாவைப் பற்றி விசாரித்தார் என்று கேள்" என்று ஹாஜராவிடம் சொன்னார் இஸ்மாயில்.

ஹாஜரா முன்னால் வந்தாள். "கிடங்கு வாசல்ல ஜாகா உண்டான்னு ஏன் கேட்டீங்க?"

"நீ சைக்கிள் கடைப் பாப்பாதானே? ஏன் கேக்கக் கூடாது? குடியிருக்கறவங்கள வேற எப்படித் தேடறது?"

"குடியிருக்கறவங்களா? ஜாகான்னா காவல்காரரு!"

"காவல்காரனா? ஜாகைன்னா வீடு பாப்பா. தங்கியிருக்கற இடம். எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். எங்க அக்கா ஜெயலெட்சுமிக்கு இந்த ஊர்லதான் ஜாகை. அக்காவத் தேடித்தான் அலையறேன்."

ஜாகா. ஜாகை. ஹாஜரா இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்ப மூட்டைக்காரர் ராத்திரி மட்டும்தான்னு சொன்னது..." என்று இழுத்தார் சந்திரசேகரன்.

"காவல்காரரத்தான்!"

"நான்கூட இது என்னடா ஊர், பகல்ல வீட்ல ஒருத்தரும் இருக்கமாட்டாங்களான்னு நெனச்சேன்!" அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இஸ்மாயில் ஹேண்டில்பாரை இழுத்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"சிரிக்கிறாரா? ஸ்டேஷனுக்கு வரச் சொல்" என்றார் இஸ்மாயில்.

"என்ன சொல்றாரு பாப்பா? ஸ்டேஷனா? சாயங்காலம் கப்பல் போயிடும். அக்கா கல்யாணமாகி வந்தப்புறம் நான் பாத்ததே இல்ல. மச்சானுக்கு வேலை மாறினதுல இருந்து தகவலும் இல்ல. இன்னிக்கு ஒரு நாள்தான் எனக்கு."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. அங்கே இரண்டு மொழியும் தெரிந்தவள் ஹாஜரா மட்டும்தான். அவள் என்ன சொல்கிறாளோ அதைத்தான் இஸ்மாயில் நம்புவார். இத்தனை பேருக்கு முன்னால் 'நான் தப்பாகக் கேட்டுவிட்டேன்' என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. காது இரண்டும் சுட்டன. ஆனாலும் சொல்லத் தொடங்கினாள். ஜாகாவையும் ஜாகையையும் விளக்கினாள். "இவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுடையது" என்று மலாய் மொழியில் உரக்கச் சொன்னாள்.

இஸ்மாயில் அவளை ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு ஹேண்டில்பாரை விட்டார். ரிக்‌ஷாக்காரர்களும் சிரித்தார்கள். ஹாஜராவுக்கு மண்ணுக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது.

ஆனால் சந்தேகம் அவளை விடவில்லை. "சரி, விளக்குக் கம்பத்த எல்லாம் ஏன் அண்ணே பாத்தீங்க?"

"இங்கிருந்து ஊருக்கு வந்த ஒருத்தர்தான் சொன்னாரு. 'உங்க அக்கா பினாங்குல தாத்தா கிராமத்துக் கம்பத்துல இருக்கு'ன்னு. இவ்வளவு பெரிய டவுன்ல கிராமம் ஏது? அந்தாளுக்கு நாக்கு குழறிடுச்சுன்னு விட்டுட்டேன். மிச்சம் இருந்தது கம்பம்தான். எந்தக் கம்பத்துக்குப் பக்கத்து வீடோன்னு ஒவ்வொண்ணா பாத்துட்டு வரேன்."

ஹாஜரா வாயைப் பிளந்தாள். "அண்ணே! கம்பம்னா கம்பம் இல்ல!"

"பின்ன?"

"கம்பம்னா... கம்பம்!"

அவர் விழித்தார். ஹாஜரா தலையில் அடித்துக்கொண்டாள். "மலாய்க்காரங்க கம்போங்னு சொல்வாங்க. நாங்க கம்பம்னு சொல்லுவோம். தென்னை மரமும் பலகை வீடுமா இருக்குமே, அந்த மாதிரி இடம். விளக்குக் கம்பம் இல்ல."

"அப்ப தாத்தா கிராமம்?"

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. தாத்தா கிராமத்து, தாத்தா கிராமத்து என்று வேகமாகச் சொல்லிப் பார்த்தாள். மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். திடீரென்று குதித்தாள்.

"டத்தோ கிராமத்! அங்க தாத்தாவும் இல்ல, கிராமமும் இல்ல. அது ஒரு ரோட்டுப் பேரு! பின்னாடியே கம்பமும் இருக்கு!"

"தூரமா?"

"ரொம்ப இல்ல. ஆனா மொதல்ல கடைக்கு வாங்க. உங்க ஜாடிய எடுக்கணும்."

அந்த ஜாடி யாருக்கென்று இப்போது அவளுக்குப் புரிந்திருந்தது.

கடையில் வாப்பா எல்லாவற்றையும் கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜாடியை எடுத்து நீட்டினார். "ஜாடிய கொடுத்துட்டா சைக்கிளுக்கு என்ன ஈடு? இவரு பேரம்கூடப் பேசலயே ஹாஜரா."

"பேரம் பேச அவருக்கு நேரம் எங்க இருக்கு? அதெல்லாம் திருப்பிக் கொண்டாந்துடுவாரு வாப்பா."

வாப்பா பக்கத்துக் கடைக்காரரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தானும் ஒரு சைக்கிளை எடுத்தார். மூன்று சைக்கிள்களும் வரிசையாகப் பினாங்கு ரோட்டில் ஓடின. குண்டு குழி வரும்போதெல்லாம் "சாயுது, சாயுது!" என்று ஹாஜரா கத்தினாள். சந்திரசேகரன் ஒரு கையால் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே ஓட்டினார்.

கம்பத்தில் தென்னை மரங்கள் அடர்த்தியாக நின்றன. பலகை வீடுகளுக்கு நடுவே ஒரு கிணறு இருந்தது. அதில் ஓர் அக்கா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். ஹாஜரா இறங்கிப் போனாள்.

"அக்கா, இங்க நாகப்பட்டினத்து ஜெயலெட்சுமி அக்காவுக்கு எங்க ஜாகை?"

அந்த அக்காவின் கை நின்றது. "ஜாகையா? இந்த வார்த்தையக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! இங்க யாரும் அப்படிச் சொல்லமாட்டாங்களே. நீ யாரு புள்ள?" என்று கேட்டபடி நிமிர்ந்தவர், ஹாஜராவுக்குப் பின்னால் பார்த்தார்.

வாளி கிணற்றுக்குள் தொபுக்கென்று விழுந்தது.

"சேகரு!"

அவர் ஓடிவந்து தம்பியின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். முகத்தைத் தடவினார். "இவ்வளவு உசந்துட்டியேடா! சாப்பிட்டியா? அம்மா எப்படிடா இருக்கு?" என்று மூச்சு விடாமல் கேட்டார்.  சந்திரசேகரன் ஜாடியை மட்டும் நீட்டினார்.

அக்கா ஜாடியின் கட்டை அவிழ்க்கவில்லை. துணியை முகர்ந்து பார்த்தார்.

"நார்த்தங்காய்" என்றார். "அம்மா போட்டது." ஜாடியைக் கட்டிக்கொண்டு அழுதார். ஹாஜராவுக்கும் அழுகை வந்தது. வாப்பா மட்டும் எதுவும் நடக்காததுபோல, விழுந்த வாளியை எடுக்கக் கொக்கி தேடினார்.

அக்காவையும் தம்பியையும் பேசவிட்டு வாப்பாவும் ஹாஜராவும் கடைக்குத் திரும்பினார்கள். சாயங்காலம் சூலியா தெருவில் மணி ஒலித்தது. சந்திரசேகரன் பச்சை சைக்கிளைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். அக்கா கொடுத்தனுப்பியதாகச் சொல்லி, வாழையிலைப் பொட்டலம் ஒன்றை ஹாஜராவின் கையில் வைத்தார்.

"சிங்கப்பூர்ல இருந்து திரும்பறப்ப மறுபடியும் வருவேன் பாப்பா. அப்பவும் இந்தச் சைக்கிள்தான் வேணும்."

"அப்பயாச்சும் கொஞ்சம் பேரம் பேசுங்க அண்ணே" என்றாள் ஹாஜரா.

துறைமுகத்தில் கப்பல் ஊதியது. அவர் சிரித்துக்கொண்டே ஓடினார்.

ஹாஜரா பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்தாள். அடுப்படியில் உம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"காலையில காப்பித்தூள் வாங்கப் போன புள்ள, இப்பதான் வர்றியா? தூள் எங்க?"

ஹாஜராவுக்குத் திக்கென்றது. "உம்மா... கடைத்தெருவுல ஒருத்தரு விளக்குக் கம்பத்தப் பாத்துக்கிட்டு நின்னாரா..."

உம்மாவின் புருவம் மெல்ல மேலே ஏறியது.

அன்று ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் காப்பி இல்லை. ஆனால் சோற்றுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தது.