அறுந்துபோகாத இணைப்பு

இணைப்பு அறுந்துபோகவில்லை. சின்னவருக்கு முதலில் உறுத்தியிருக்க வேண்டியது அதுதான்.

கீழ்வீட்டில் அண்ணனின் கட்டில் தலைமாட்டில் உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் ஒன்றையும் அதில் ஒரு கேமராவையும் ஆள்விட்டு வைக்கச் செய்தவர் அவர்தான். பக்கவாதம் பேச்சைப் பறித்து, வலது கையை மட்டும் விட்டுவைத்திருந்த பெரியவரை மாடியிலிருந்தே லாகின் செய்து கவனித்துக்கொண்டார். குறுக்கே இருந்தது ஒரு மாடிப்படி. அதில் இறங்குவதைவிட நிலாவுக்கு ஏணி போடுவது அவருக்குச் சுலபம். சொந்தபந்தம் கூடியிருந்த இடத்தில், "இவன் எதையாவது உருப்படியா முடிச்சிருக்கானா?" என்று அண்ணன் எப்போதோ சிரித்துவிட்டார். அன்றோடு தம்பி அந்த முகத்தை நேரில் பார்ப்பதை விட்டார். திரையில் பார்த்தார், அதுவும் தீப்பெட்டி அளவில்.

ஆனால் லாகின் நிற்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று போகும். வேளைக்கு வந்து கவனிக்கும் நர்ஸம்மா போனில் சொல்வார்: "பிளக் கழண்டு கெடந்துச்சு சார். மாட்டிட்டேன்."

"பிளக்காவது, மண்ணாவது! வைஃபை தூங்கிப்போற கோளாறும்மா இது. உங்களுக்குப் புரியாது."

வைஃபையைத் தூங்கவிடாமல் செய்தார். ரூட்டரை மாற்றினார். சிலந்தி வெட்கப்பட்டு வீட்டைக் காலி செய்யும் அளவுக்கு ஆள்விட்டு ஒயர் இழுத்தார். அப்படியும் அறுந்தது.

"ஒரு எட்டு இறங்கிப் பாத்துட்டுத்தான் வாங்களேன்," என்றாள் மனைவி. "இந்தப் பாழாப்போன முட்டி மட்டும் மடங்கினா நானே போயிருப்பேன்."

"முடிக்காம இறங்கினா அவர் சொன்னதுதான் சரின்னு ஆயிடும்டி."

"ஆகட்டுமே. கிரீடமா கழண்டு விழுந்துடும்?"

அன்று காலை ஒருவழியாக வழி கண்டுபிடித்தார். மேலே இருக்கும் கம்ப்யூட்டர் அவ்வப்போது கீழே இருப்பதிடம் 'இருக்கிறாயா?' என்று கேட்கும். சில தடவை பதில் வராவிட்டால் உறவை முறித்துக்கொள்ளும். அந்தப் பொறுமையைத்தான் கூட்டினார். பதில் வராவிட்டாலும் முறிக்காதே, யுகம் முடியும்வரை கேட்டுக்கொண்டே இரு என்று அமைத்தார். காலையில் அறுந்துபோகவில்லை. நண்பகலிலும் அறுந்துபோகவில்லை. மூன்றாம் உலகப் போரையே தனியாளாக நிறுத்திவிட்டவர்போல நாற்காலியில் சாய்ந்தார். திரையில் அண்ணன் கேமராவையே பார்த்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார். போர்வைமேல் பளிச்சென்று வெயில் கிடந்தது.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

சின்னவர் ஜன்னலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். எப்போதிருந்து மழை? ஒரு கட்டளையைத் தட்டினார். எழுத்து விழவில்லை. மறுபடி தட்டினார். வெயில் நகரவில்லை. படம் எப்போதோ உறைந்துபோயிருந்தது.

இறங்கினார். படியில் ஏறிவந்த வாடை முதலில் மருந்தாகவும், பிறகு ஈரத்துணியாகவும், கடைசியில் இன்னதென்று மனசு பெயர் சொல்லத் துணியாத ஒன்றாகவும் இருந்தது. கைப்பிடிச்சுவர் நெடுக அவர் இழுக்கவைத்த ஒயர்கள் மழைக்காற்றில் மெல்ல மெல்லச் சுவரை உரசின. கதவு சாத்தியிருந்தது. வாசலில் நர்ஸம்மாவின் செருப்பு இல்லை. தள்ளினார்.

சின்னக் கம்ப்யூட்டரின் விளக்கு அணைந்திருந்தது. ஒயர் கட்டிலின்மேல் வளைந்து கிடந்தது. அதன் பிளக் அண்ணனின் வலது கைக்குள் இருந்தது.

கழண்டது இல்லை. பிடுங்கியது. ஒவ்வொரு தடவையும் பிடுங்கியிருக்கிறார். படம் போனால் தம்பி இறங்கி வருவான் என்று.

"அண்ணே," என்றார். எத்தனை வருஷமாகச் சொல்லாத வார்த்தை! நெற்றியைத் தொட்டார். ஜில்லென்றிருந்தது. கண்கள் மூடியிருந்தன. அந்தக் கைமேல் தன் கையை வைத்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மாடியிலிருந்து மனைவியின் குரல் சந்தோஷமாக வந்தது.

"என்னங்க! படம் வந்துடுச்சு! நீங்க நிக்கறது நல்லாத் தெரியுது!"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். விளக்கு இல்லை. அதற்குக் கரண்ட் போகவில்லை.

"அட, உங்க அண்ணன் உங்களையேதான் பாத்துட்டிருக்கார். சிரிக்கிறார் பாருங்க!"

சின்னவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. மழை. வாடை. ஒயர்கள் உரசும் சத்தம்.

கீழே தரையில் டக்கென்று ஏதோ விழுந்தது. பிளக்.

"ஏங்க, அவர்தான் அவ்ளோ ஆசையாக் கையைப் புடிச்சிருக்காரே, எதுக்கு இப்படி இழுக்கறீங்க?"

மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல். ஜில்லென்று. இறுகிக்கொண்டே.