இரண்டாம் துளையில் ஒரு வயர்

"இதுதான் நீங்க ரிப்பேர் பார்த்த லட்சணமா?"

போன் வந்ததும் மழையில் நனைந்து ஓடிவந்து ஆய்வுக்கூட வாசலில் நின்ற மெக்கானிக் திடுக்கிட்டான். முந்தாநாள் அவன் சரிசெய்து அனுப்பிய கருவிதான். கேட்டவள் உடலியங்கியல் ஆசிரியை. எவ்வளவு பெரிய கண்கள்... அவற்றில் எவ்வளவு கோபம்!

பாவம், அவளுக்குப் பதற்றம். கருவியின் கைப்பிடியை இறுக்கினால் தசையின் விசை திரையில் கோடாக ஏற வேண்டும். கோடோ அசையவே இல்லை. இன்று சொதப்பினால் இனி செய்முறை வகுப்பே கிடையாது, வீடியோதான் என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார் துறைத்தலைவர்.

அவன் குனிந்து பார்த்தான். ஒன்றாம் துளையில் இருக்க வேண்டிய வயர் இரண்டாம் துளையில் இருந்தது. ஓசைப்படாமல் மாற்றினான்.

"லூஸ் கனெக்‌ஷன் மேடம். என் தப்புதான்."

அவன் வயரை மாற்றியதைப் பார்த்துவிட்ட அவளுக்குச் சுருக்கென்றது. காலை அவசரத்தில் அதைச் செருகியதே அவள்தான்! மன்னிப்பு தொண்டை வரை வந்தது... நாற்பது பேர் முன்னால் வெளியே வர மறுத்தது.

"யாராவது கை கொடுங்க!"

நாளை எழுத்துத் தேர்வு, கை வலித்தால் எப்படி எழுதுவது? மாணவர்கள் கையை ஒளித்துக்கொண்டார்கள்.

"நான் பிடிக்கிறேன்," என்றான் அவன்.

கண்ணை மூடி இறுக்கினான். கோடு ஏறியது, பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. "விடாதீங்க சார்!" என்று வகுப்பே கத்தியது. கோடு கேட்பதாய் இல்லை.

அவள் அருகே வந்தாள். "இன்னும் கொஞ்சம்... விடாதீங்க..."

விருட்டென்று ஏறியது கோடு!

"பார்த்தீங்களா? தசையில தெம்பு மிச்சமிருக்கு. மனசுதான் முதல்ல கைவிடுது."

"நாங்க கத்தினப்ப ஏறலையே மேடம்?" என்றாள் முதல் பெஞ்ச் வாயாடி. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

அவள் முகம் சிவந்தது. இனியும் மறைக்க மனம் வரவில்லை.

"வயரை மாத்திச் செருகினது நான். பழியை இவர் மேல போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

துறைத்தலைவர் எழுந்தார்.

"வீடியோ தப்பை ஒத்துக்காதும்மா. செய்முறையே இருக்கட்டும்."

வகுப்பு கலைந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை விடவில்லை. அவன் பையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அவ்வளவு திட்டினேன்... பழியை ஏன் ஏத்துக்கிட்டீங்க?"

"உங்க முகம் வாடறதைப் பார்க்க முடியலைங்க. பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகல... ஆனா மனசு உங்க பக்கம் வந்துடுச்சு."

'எனக்கும்தான்' என்று சொல்வதற்குப் பதில், சிவந்திருந்த அவன் கையைத் தன் இரு கைகளிலும் ஏந்தினாள்.

"வலிக்குதா?"

"ம்."

"விட்டுடவா?"

"இன்னும் கொஞ்சம்... விடாதீங்க," என்றான் அவன்.