கடலில் இறுகிய சாம்பல்

“மூக்கைக் கட்டுங்கள்! இந்தப் புகை ஏறினால் மயக்கம்தான்!” என்று கத்தியபடி எயினி யவனர் நாட்டின் புகையும் மலைக் குகைக்குள் பாய்ந்தாள். கொற்கையில் முத்துக் குளிப்பவள் அவள், மூச்சடக்கத் தெரியும். பின்னாலேயே ஆதனும் கீரனும் ஓடினார்கள். இருவரும் கொற்கையின் இளம் கொத்தர்கள்.

கொற்கைத் துறையில் எத்தனை முறை சுவர் எழுப்பினாலும் கடல் கரைத்துவிடும். யவனர் நாட்டிலோ கடலுக்குள்ளேயே சுவர் நின்றது! அந்த வித்தையைக் கண்டறிந்து வருபவனே துறையின் தலைமைக் கொத்தன் என்று ஊர்ச்சபை சொல்லி அனுப்பியிருந்தது. யவனர் வாய் திறக்கவில்லை. ஆனால் அவர்களுடைய வண்டிகள் புகையும் மலையிலிருந்து சாம்பல் ஏற்றிப் போவதை ஆதன் கவனித்துவிட்டான்.

‘நான் ஏன் கவனிக்கவில்லை?’ கீரனுக்கு அதுவே முள்ளாய்க் குத்தியது.

சாம்பலை வாரிக் கட்டினார்கள். தலைக்கு மேல் பாறை நெரிந்தது. “ஓடுங்கள்!” வெளியே வந்து விழுந்தபோது கீரனின் மூட்டை பாதியாகியிருந்தது.

“வழியெல்லாம் சிந்தியிருக்கிறாயே! எறும்புக்கு வழிகாட்டினாயா?” என்றான் ஆதன். எயினி சிரித்தாள். அந்தச் சிரிப்பும் குத்தியது.

கரையில் சாம்பலையும் சுண்ணாம்பையும் உடைகல்லையும் குழைத்து மரப்பெட்டிகளில் கொட்டி வெயிலில் வைத்தார்கள். காரை என்றால் காய வேண்டுமே! காய்ந்தது, வெடித்தது, உதிர்ந்தது. ஆதன் மறுபடி குழைத்து, ஈரக் காரையின் மேல் தன் மீன் அடையாளத்தைக் கீறினான்.

“இது நிற்கும், ஆதா!” என்றாள் எயினி.

இருவரும் சந்தைக்குப் போனதும், கீரன் அந்தப் பெட்டியைக் கடலில் தள்ளினான்.

“அலை இழுத்துவிட்டதோ?” என்றான் திரும்பி வந்த ஆதன். கீரன் குனிந்து அடுத்த பெட்டிக்குச் சுண்ணாம்பு குழைக்கத் தொடங்கினான்.

நாட்கள் ஓடின. காற்று திரும்பியது, கப்பல் புறப்படத் தயாரானது. கையில் ஒன்றுமில்லை. காரை கரைந்து தடயம் அழிந்திருக்கும் என்று நிச்சயப்படுத்திக்கொள்ளக் கீரன் கடலில் குதித்தான். பெட்டி அங்கேயே கிடந்தது. உள்ளே காரை பாறையாகியிருந்தது!

‘நானே கண்டுபிடித்தேன்’ என்று சொல்லிவிடலாமா? மேலே ஆதனின் மீன் கண் விழித்துப் பார்த்தது. சொல்லாமல் விட்டால் மூவரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.

மேலே வந்து மூச்சு வாங்கினான். “எயினி, கயிறு!”

இழுத்துக் கரையேற்றினார்கள். ஆதன் சுத்தியலால் ஓங்கி அடித்தான். சுத்தியல் துள்ளியது, காரை அசையவில்லை.

“பெட்டி எப்படிக் கடலுக்குள் போயிற்று?” என்றாள் எயினி.

“நான்தான் தள்ளினேன்.”

“ஏனடா?”

“வயிறு எரிந்தது.”

ஆதன் அவனை முறைத்தான். சுத்தியலைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். “பாவி! நான் இன்னும் வெயிலில் காயவைத்துக்கொண்டே இருந்திருப்பேன்!”

சாம்பல் மூட்டைகளோடு கொற்கை திரும்பினார்கள். பெட்டிகளைக் கடலுக்குள் இறக்கிக் காரை கொட்டினார்கள். அலைகள் மோதின, சுவர் நின்றது! தலைமைக் கொத்தனான ஆதன், சுவரில் பாதியைக் கீரனிடமே ஒப்படைத்தான்.

“கலவை என்ன?” என்று ஊரார் மொய்த்தார்கள்.

“மலை எரிந்த சாம்பல் ஒரு பங்கு, கீரன் வயிறு எரிந்தது ஒரு பங்கு” என்றான் ஆதன்.

கீரனும் சிரித்தான். கூட்டம் கலைந்ததும், ஆதனின் பாதியைவிடத் தன் பாதி விரலளவாவது தாழ்ந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தான்.