கல்யாண கேசட்

பண்ருட்டியிலிருந்து வரும் திலகவதி அக்கா வழக்கமாகப் பலாப்பழம் கொண்டுவருவார். அன்று மத்தியானம் கேசட் போடுகிற டெக்கோடு வந்து நின்றார்.

"ஸ்டுடியோவுல கேட்டு வாங்கிகினு வந்தேன் புவனா. இனிமே டெக்கு ரிப்பேருன்னு தம்பி சாக்கு சொல்ல முடியாதில்ல."

என் வீட்டுக்காரர் ஜெயகணேஷின் முகம் சுண்டிப்போனது. ரிட்டயர்மென்ட் நெருங்கியதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். பரணிலிருந்து இறக்கிய அக்காவின் கல்யாண கேசட் அவர் கண்ணெதிரிலேயே கிடந்தது.

அக்காவின் கணவர் கருப்பசாமி, இவருடைய அண்ணன். மகள் வயிற்றில் இருக்கும்போதே சேத்தியாத்தோப்பு ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டார். அவர் நடந்து, சிரித்துப் பதிவானது அந்தக் கேசட்டில் மட்டும்தான். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்துத் திரையில் அப்பாவை ஒரு தடவையாவது அவள் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

அந்தக் கேசட்டில் அவர் இல்லை.

அப்போதெல்லாம் டிவியில் வாராவாரம் பேய் சீரியல் வரும். இவருக்கு செகண்ட் ஷிஃப்ட் வந்தால் ரெக்கார்ட் செய்து வைத்துப் பார்ப்போம். ஒரு வாரம் காலி கேசட் இல்லை. குடும்பத்தில் டெக் எங்களிடம் மட்டும் இருந்ததால் அக்காவின் கேசட்டும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. யாரும் அழித்துவிடக் கூடாது என்று கல்யாண கேசட்டின் ஓரத்துப் பல்லை ஸ்டுடியோவிலேயே உடைத்திருந்தார்கள். அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் திரும்பவும் பதியும். பதிந்தது. அடுத்தடுத்த வாரங்களில் கேசட் முழுக்கப் பேய்தான். அதற்குள் அண்ணனும் போய்விட்டார். எந்த வாயால் சொல்வது? டெக் ரிப்பேர் என்றே சொல்லி இத்தனை வருஷம் ஓட்டினோம்.

அக்காவே கேசட்டைப் போட்டார்.

திரையில் மழை. பாழடைந்த பங்களா. வெள்ளைப் புடவைக்காரி ஒருத்தி படியேறிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அது வந்து…"

அக்கா கையை உயர்த்தி அடக்கினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்கண்ணன் வேட்டிய மிதிச்சிகினு தடுமாறுறாரு பாருங்க தம்பி."

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். பங்களா. மழை. வேறு எதுவும் இல்லை.

அறையில் பன்னீர் வாசனை வந்தது.

"தாலி கட்டற நேரத்துல எங்கயோ பாக்கறாரே. உங்களத்தான் பாக்கறாரு தம்பி."

இவர் மெல்லப் பின்வாங்கிச் சமையலறை வாசலுக்குப் போனார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏன் அங்க போனீங்க? அவரும் கழுத்தத் திருப்புறாரு."

இவர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். டிவி இருண்டது.

"அண்ணி, மன்னிச்சிருங்க. நான்தான் அழிச்சேன். இதுல அண்ணன் இல்ல."

அக்கா இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னீர் வாசனை மூச்சை அடைத்தது.

"இல்லன்றாரு தம்பி. தலைய ஆட்டறாரு. நீங்க இல்லயாம்."

பிறகு அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மணவறைய வுட்டு எறங்கிட்டாரு புவனா. உங்கிட்டதான் வராரு."

இவர் அன்றைக்கு ஷிஃப்டில் இருந்தார். செல்லோடேப் ஒட்டியது நான்.