எதிர்க்கட்சிக்காரர் சம்மதித்த நாள்

மனித குல வரலாற்றில் கல்லில் பொறித்துவைக்க வேண்டிய செய்தி ஒன்றை மிகுந்த பணிவோடு வெளியிடுகிறோம்: ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் எல்லோரும், ஆம், எல்லோரும், ஒரே விஷயத்துக்குச் சம்மதித்துவிட்டார்கள்.

“இன்று இருட்டியதும் எல்லா வீட்டு வாசல் கதவுகளும் திறந்திருக்கட்டும்” என்று அட்மின் எழுதியிருந்தார். ஏன் என்று எழுதவில்லை. கீழே சரம் சரமாகச் ‘சரி’கள். மூன்றாம் மாடிக்காரரின் பெயரிலும் ஒன்று, பூங்கொத்துப் படத்தோடு.

மூன்றாம் மாடிக்காரர் அதைப் போடவில்லை.

அவருக்கு அங்கே எதிர்க்கட்சி என்று பெயர். காப்பீட்டு அலுவலகத்தில் மனுக்களை நிராகரிப்பது தொழில். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. தண்ணீர்த் தொட்டிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டால், தொட்டியே எதற்கு என்று ஆரம்பிப்பார். எல்லோரும் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் போய் நிற்பதில் அவருக்கு அலாதி சுகம். அதை எடுத்துவிட்டால், தான் என்று சொல்லிக்கொள்ளத் தன்னிடம் வேறெதுவும் மிஞ்சாது என்பதும் அவருக்குத் தெரியும்.

குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டார்.

“யாருங்க அந்த அட்மின்?”

“நீங்கன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்! விடுங்க சார். நேத்துலேருந்து எவ்வளவு தங்கமா பேசுறீங்க. என் பையன் எழுதின கவிதைக்குக்கூட அருமைன்னு போட்டீங்களே.”

அந்தக் கவிதையைச் சுயநினைவுள்ள எவனும் அருமை என்று சொல்லமாட்டான். அவர் போனை வைத்துவிட்டார்.

மனைவி கைப்பேசியைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். “மத்தியானம் சாப்பிட்டியான்னு கேட்டிருந்தீங்க. கல்யாணம் ஆனதுலேருந்து இதான் முதல் தடவை.”

“நான் கேக்கல.”

“அதானே பாத்தேன்!” சிரிப்பு அணைந்தது. “ஆமான்னு சொல்லிட்டுப் போனா என்ன, கொறஞ்சா போயிடுவீங்க?”

‘எனக்குச் சம்மதமில்லை’ என்று குழுவில் தட்டி அனுப்பினார். ‘எனக்கு முழுச் சம்மதம்’ என்று போய் விழுந்தது. அழித்தார். திரும்பத் தட்டினார். இப்போது நன்றியும் சேர்ந்திருந்தது.

இருட்டியது. கீழ்த்தளத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தாழ்ப்பாள்கள் விலகும் ஓசை, வெகுநேரம் சார்ஜரில் கிடந்த பேட்டரியின் சூடான வாடை, எண்ணெய் காணாத கீல்களின் நீண்ட முனகல், எல்லாம் மாடிப்படி வழியே மெல்ல மேலேறி வந்தன. அவர் தன் கதவைத் தாழிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றார். படிகளில் காலடிகள். நிறைய. அவசரமே இல்லாதவை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஜோடிக் கால் பிரிந்தது. “வாங்க, வாங்க” என்று யாரோ வரவேற்றார்கள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஒரு நாற்காலி விழுந்தது. பிறகு சத்தமில்லை.

அடுத்த வீடு. வாங்க, வாங்க. நாற்காலி.

எதிர்வீடு. நாற்காலி.

மிச்சம் ஒரே ஒரு ஜோடிக் கால். நெருங்கியது. நின்றது.

தட்டவில்லை.

மனைவியின் கைப்பேசி அதிர்ந்தது. அவருடைய எண்ணிலிருந்துதான். ‘வாசல்ல நிக்கிறேன்மா.’ அவள் படித்தாள். அவரைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மறுபடி அவரை, ஒரு மனுவைப் பார்ப்பதுபோல, நிதானமாக.

“நான்தாண்டி இது” என்றார்.

“கொஞ்சம் நகருங்க” என்றாள்.

தாழ்ப்பாளை இரு கையாலும் பிடித்தார். அவள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், கோபமே இல்லாமல்.

கதவு திறந்தது. அவருடைய சட்டை. அவருடைய கண்ணாடி. அவருடைய வழுக்கை. அந்த முகத்தில், அவர் வாழ்நாளில் யாருக்கும் காட்டியிராத ஓர் இனிய புன்னகை.

“வாங்க, வாங்க” என்றாள் மனைவி.

உள்ளே ஒரு நாற்காலி விழுந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டுகளை, அந்தப் புன்னகை மாறாமல், அவரே கழுவி வைத்தார்.