தவக்காலத்துக் கிழவி

சாம்பல் புதனன்று கோயிலுக்குப் போய், நெற்றியில் சாம்பலோடு யூஜினி வீட்டுக்குத் திரும்பியபோது, பக்கக் கதவுக்கு மேலே ஒரு கிழவி தொங்கிக்கொண்டிருந்தாள்.

துணிக் கிழவிதான். ஒரு முழ உயரம் இருக்கும். கறுப்புப் பாவாடை, கறுப்பு முக்காடு, சாக்குத் துணியில் முகம். கண்ணையும் மூக்கையும் கரியால் கீறியவர்கள் வாயைக் கீறாமல் விட்டிருந்தார்கள். காலடியில் ஒரு உருளைக்கிழங்கு, அதைச் சுற்றிவர ஏழு கோழி இறகுகள் குத்தியிருந்தன. பெப்ரவரிக் காற்றில் அது நூலில் மெல்லச் சுழன்று சுழன்று, யூஜினி பூட்டைத் திறக்கத் திறப்பை எடுக்கும்போது அவள் பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டது.

மேல்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி பிலோமேனா வெளியே வந்து விளக்கம் சொன்னாள். அவள் இத்தாலியில் கலாபிரியா மலையூர் ஒன்றிலிருந்து வந்த விதவை. தவக்காலம் தொடங்கினால் அவளுடைய ஊரில் வீட்டுக்கு வீடு இது தொங்குமாம். ஞாயிற்றுக்கு ஒரு இறகு கழற்றுவார்களாம். இருவருடைய ஆங்கிலமும் நொண்டியதில் யூஜினிக்கு அவ்வளவுதான் விளங்கியது. போகும்போது பிலோமேனா மூக்கைச் சுளித்து, கீழே யூஜினி குடும்பம் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்றிலிருந்து வந்த கோழிக்கறி வாசத்தைக் காட்டி, "இறைச்சி வேண்டாம். இவ பாக்கிறா" என்றாள். யூஜினிக்குச் சுர்ரென்று ஏறியது. தவக்காலத்தில் அவள் இறைச்சியைத் தொடுவதில்லை. அது பிள்ளைக்கு வைத்த கறி.

அன்றிரவிலிருந்து இரண்டு வயது ஸ்டெபனி சாப்பிட மறுத்தாள். வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். பல்லு முளைக்கிறது என்றார் டொக்டர். தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று பிலோமேனா ஒரு இறகைக் கழற்றினாள். அடுத்த நாள் பிள்ளையின் கன்னம் ஒட்டிக் கிடந்தது. யூஜினி இரண்டையும் முடிச்சுப் போட்டாள். எந்தத் தாய்தான் போடமாட்டாள்?

ஸ்காபரோவிலிருந்து ரெலிபோன் எடுத்த செலீன் அக்கா அந்த முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

"பிள்ளை, தேசிக்காயில ஊசி குத்திறவையெல்லோ எங்கடை ஆக்கள்? உவையள் கிழங்கில இறகு குத்தியிருக்கினம். உது செய்வினைதான். ஒவ்வொண்டாய் முடிய முன்னம் எல்லாத்தையும் புடுங்கி எறி."

அவளுடைய புருசன் அன்புராசா சிரித்தான். "உமக்கென்ன விசரே? அது அவையின்ரை ஊர் வழக்கம். பேசாமல் இரும்."

சிரித்துவிட்டு அவன் பின்னேர ஷிஃப்ற்றுக்குப் போய்விட்டான். அன்று சனிக்கிழமை. பிலோமேனா வூட்பிரிட்ஜில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

யூஜினி பயந்த சுபாவக்காரி இல்லை. பேசாலையிலிருந்து வள்ளமேறி, நேவியின் வெளிச்சத்துக்குக் கீழே மூச்சை அடக்கிக் கிடந்து இராமேஸ்வரம் போனவள். ஒரு துணிப் பொம்மைக்கா விட்டுக்கொடுப்பாள்? சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கதிரையில் ஏறினாள்.

"என்ரை பிள்ளையிலயோ கை வைக்கிறாய்? வைச்சுப் பார்."

மிஞ்சியிருந்த ஆறு இறகுகளையும் ஒரே பிடியில் பிடுங்கி, பனிக்குள் எறிந்தாள். கிழங்கின் ஓட்டைகளில் ஈரம் கசிந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அரை மணித்தியாலத்தில் ஸ்டெபனி "சோறு" என்று கேட்டாள். கோழிக்கறியோடு குழைத்துக் கொடுக்கக் கொடுக்க விழுங்கினாள். யூஜினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. வென்றுவிட்டாள். வயிறு நிறைந்த பிள்ளையை அறையில் படுக்கவைத்து, கதவைச் சாத்தி, நாளைக்குப் பிலோமேனா வந்தால் என்னென்ன கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி பாத்திரம் கழுவினாள்.

வெளியே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. சின்ன யன்னல் முழுவதும் வெள்ளை அப்பி, தெரு விளக்கின் மஞ்சள் வெளிச்சம் கரைந்து, சூடாக்கும் மெஷின் சுவருக்குப் பின்னால் உறுமி உறுமி அடங்கிய ஒரு இடைவெளியில், பக்கக் கதவிலிருந்து கீழே வரும் மரப்படியில் ஏதோ ஈரத் துணி இழுபடுகிற சத்தம் கேட்டது. காற்றாக்கும் என்று நினைத்தாள். பிறகு பழைய கம்பளியும் அணைந்த மெழுகுதிரியும் கலந்த வாசம் வந்தது. சவக்காலைச் சிற்றாலயத்துக்குள் அடிக்கிற வாசம் அது. கையைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போய்ப் பார்த்தாள். கதவு பூட்டியபடிதான் இருந்தது. கண்ணாடி வழியே பார்த்தால் நூல் மட்டும் ஆடியது.

ரெலிபோன் அடித்தது. துள்ளிப்போனாள்.

பிலோமேனாவின் மகள் லூசியா. நல்ல பெண், ஆறுதலாகப் பேசினாள். பனியில் அம்மா நாளைக்கு வரமுடியாது, ஒரேயொரு இறகைக் கழற்றிவிட முடியுமா என்று கேட்டாள். அந்தக் கிழவிக்கும் உபவாசமாம். இறகு ஒவ்வொன்றும் அவள் பட்டினி கிடக்கிற ஒரு கிழமையாம். கடைசி இறகு கழன்றால் உபவாசம் முடிந்ததாம். அதுதான் அன்றைக்கே எரித்துவிடுவோம் என்று சொல்லி லூசியா சிரித்தாள்.

"நான் எல்லாத்தையும் கழட்டிப்போட்டன்" என்று யூஜினி ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

லூசியா அதை இத்தாலியனில் திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு பிலோமேனா ரெலிபோனை வாங்கினாள். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் யூஜினி தாங்கியிருப்பாள். பிள்ளை எங்கே என்று மட்டும் கேட்டாள். மூன்று தரம் கேட்டாள்.

குசினியில் சட்டி மூடி கீழே விழுந்து உருண்டது.

மேசையில் கோழிக்கறிச் சட்டி. அதற்குப் பின்னால் கதிரையில் அது இருந்தது. கால்கள் நிலத்துக்கு எட்டாமல் தொங்கின. சாக்கு முகத்தில் இப்போது வாய் இருந்தது. எலும்பையும் விடாமல் மென்றது. நிதானமாக, ஊரில் செத்தவீட்டுச் சாப்பாட்டுக்கு வந்த தூரத்து உறவுக்காரி மாதிரி.

யூஜினி படியைப் பார்த்தாள். படியால் ஓடலாம். பிள்ளை அறைக்குள். அறைக்குப் போகும் வழியில் அது. 911-க்கு அடித்து என்னவென்று சொல்வது? இத்தாலிக்காரியின் பொம்மை என்ரை கறியைத் தின்னுது என்றா?

சட்டி காலியானது. முக்காடு மெல்ல அறைப் பக்கம் திரும்பியது.

"இஞ்சை பார்!"

தன் குரல்தானா அது என்று அவளுக்கே சந்தேகம். கோபம் வந்தது. பயத்துக்கு மேலால், கொதித்துக்கொண்டு வந்தது.

"பசியெண்டால் என்னட்டைக் கேள். நான்தான் இறகு புடுங்கினனான். பிள்ளையில்லை."

சோற்றைப் பீங்கான் தட்டில் அள்ளி வைத்தாள். அது பீங்கானைத் தள்ளிவிட்டது. ஃபிறீசரைத் திறந்தாள். அன்புராசா வாங்கி அடைத்து வைத்த ஆட்டிறைச்சி. கல்லு மாதிரி. அப்படியே வைத்தாள். அது கடித்தது. ஐஸ் நொறுங்கியது. மீன். நொறுங்கியது. ஈரல். இரத்தத்தோடு நக்கியது. தின்னத் தின்ன வளர்ந்தது. தோள் கதிரைக்கு மேலே போனது. கால்கள் நிலத்தைத் தொட்டன.

"தின். இன்னும் தின். எவ்வளவு தின்னுவாயெண்டு பாப்பம்."

ஃபிறீசர் வெறுமையாகியது. உள்ளே வெள்ளைப் புகை மட்டும்.

அறைக்குள் ஸ்டெபனி புரண்டு படுத்தாள். ஒரு சின்ன முனகல். கறுப்பு முக்காடு எழுந்தது. கூரையில் தட்டியது.

யூஜினி அதற்கும் அறைக் கதவுக்கும் குறுக்கே போனாள். கதிரையொன்றை இழுத்து, அறைக் கதவில் முதுகு முட்ட, மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்தாள். கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. ஒரு வெள்ளைப் பீங்கானை நடுவில் வைத்தாள். பிள்ளையைத் தூக்க வலது கை வேண்டும் என்று யோசித்தாள். இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். கையைப் பீங்கானில் வைத்தாள்.

"இரு" என்றாள். "பிள்ளை நித்திரை. சத்தம் போடாமல் சாப்பிடு."

அது திரும்ப அமர்ந்தது. பீங்கானைக் கையோடு சேர்த்துத் தன் பக்கம் மெல்ல இழுத்தது.