விடுபட்ட மே மாதம்

"ஏப்ரலுக்கு அப்புறம் ஜூன் வந்திருக்கு. மே எங்கங்க?"

மழையில் நனைந்த துப்பட்டாவைப் பிழிந்தபடியே கேட்டாள் நூரீன். பிரிண்டிங் கடைக்கார அய்மான் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தான். இவ்வளவு பெரிய கண்களை வைத்துக்கொண்டு ஒருத்தி கோபப்படலாமா... கேள்வியே மறந்துபோனது அவனுக்கு.

காலையில்தான் சி.டி. கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பக்கவாதத்தில் பேச்சிழந்த ஒருவர் மறுபடி பேசப் பழகுகையில், அவர் மூளைக்குள் எந்த இடம் எதனோடு சேர்கிறது என்று மாதத்துக்கொன்றாக ஆறு படங்கள். புள்ளிகளும் வண்ணக் கோடுகளும். நான்கு மணிக்குப் பேராசிரியர்கள் பார்க்கிறார்கள். அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி தேறுமா என்பது அன்று தெரிந்துவிடும்.

"எம், ஏ, ஐ-ன்னு ஒன்னு இருந்துச்சு, சேத்துப் படிச்சா 'மை'. மை சரியா விழுதான்னு பாக்குற டெஸ்ட் ஷீட்டுன்னு நெனச்சு விட்டுட்டேன்."

"அது பிரெஞ்சுல மே மாசம்." பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவளுக்கு மாதங்கள் அப்படித்தான் வரும். "தெரியலன்னா கேக்க மாட்டீங்களா? விஷயம் தெரியாதவங்ககிட்ட குடுத்தேன் பாருங்க..."

அவன் முகம் சுருங்கியது. ஆறு படங்களையும் வரிசையாக அச்சடித்து, நனையாமல் பிளாஸ்டிக்கில் சுற்றினான். கொடுக்கும்போது சொன்னான்.

"ஏப்ரல் படத்துல ஒரு ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒன்னுமில்ல. ஜூன்ல அதே எடத்துல தடியா ஒரு கோடு. நடுவுல என்னமோ நடந்திருக்கணும்னு தோணுச்சு... கேட்டா சிரிப்பீங்களோன்னு விட்டுட்டேன்."

நூரீனுக்குச் சுருக்கென்றது. மே மாதத்தில்தான் அந்த மனிதர் தன் மனைவியின் பெயரைச் சொன்னார். மெல்லிசாய் முதல் கோடு அப்போதுதான் விழுந்தது. அன்று மாலை பேராசிரியர்கள் அதைத்தான் பாராட்டினார்கள். அவளுக்கோ, யாரும் சொல்லாமலே அந்தக் கோட்டைத் தேடியவனின் நினைவாகவே இருந்தது. போய் மன்னிப்புக் கேட்க மூன்று நாள் தன்மானம் விடவில்லை. நான்காம் நாள் அவளே போய் நின்றாள்.

"சி.டி. குடுங்க." அய்மான் கை நீட்டினான்.

"கொண்டாரல. அன்னிக்கு பேசினது தப்பு... மன்னிச்சிடுங்க."

"இதுக்காகவா மழையில வந்தீங்க?"

"இதுக்குன்னுதான் கிளம்பினேன்..." தலை குனிந்துகொண்டாள். "உங்கள பாக்காம இருக்க முடியல. நாளைக்கும் வருவேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அய்மான் ஒரு ஸ்டூலை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டான். பில்லில் எழுதியதோடு சரி, அவள் பெயரை அவன் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

"நாளைக்கு வரணும்னா இன்னிக்கு போகணுமே நூரீன்... அதான் எனக்கு கஷ்டமா இருக்கு."